அப்பாவின் பயணப்பைக்கு எந்த டேக்? வீட்டில் ஆண்ட்ராய்டு, சிங்கப்பூரில் ஐபோன்

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். எழுபது வயதைத் தாண்டிய என் தந்தை அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு, என் தங்கை வீட்டுக்கு, தனியாக விமானத்தில் செல்கிறார். சென்ற முறை அவர் போய்ச் சேர்ந்தார், அவருடைய பை வந்து சேரவில்லை. அது திருச்சியிலேயே நின்றுவிட்டதா, வேறு விமானத்தில் ஏறிவிட்டதா என்று விமான நிறுவனத்தின் முகப்பில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. இரத்த அழுத்த மாத்திரைகள் அந்தப் பைக்குள்ளேயே இருந்ததால் இரண்டு நாள் நாங்கள் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல.

இம்முறை, பை எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும் சிறு கருவியான டேக் ஒன்றைப் பைக்குள் வைத்து அனுப்ப நினைக்கிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் டேக்கான ஏர்டேக் ஒன்றை வாங்கித் தன் ஐபோனில் பதிவு செய்து, இங்கு வருபவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாகத் தங்கை சொல்கிறாள். எனக்கும் தந்தைக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிதான். தங்கை சொல்லும் ஏற்பாடு சரிவருமா? நாங்கள் இருப்பது முசிறிக்கு அருகே ஒரு சிற்றூர். இங்கும் அந்த டேக் பயன்படுமா? பயன்படுத்தியவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: அலைவரிசை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த டேக்குகளில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் கார்டும் கிடையாது. தான் எங்கே இருக்கிறோம் என்பது டேக்குக்கே தெரியாது. புளூடூத் வழியாகத் தன் அடையாளத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. அருகில் செல்லும் யாரோ ஒருவருடைய கைப்பேசி அந்த அடையாளத்தைக் கேட்டு, தான் அப்போது இருக்கும் இடத்தைப் பூட்டிட்ட குறியீடாக மாற்றி, இணையம் வழியாக உரியவருக்கு அனுப்பிவைக்கிறது. அனுப்பியவருக்குத் தாம் அனுப்பியதே தெரியாது. டேக்கின் அடையாளமும் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பதால், அதை வைத்து வேறு யாரும் உங்களைப் பின்தொடர இயலாது. ஆகவே, டேக்கின் விலையையும் அழகையும் பார்ப்பதைவிட, அது போகும் இடங்களில் எந்த வகைக் கைப்பேசிகள் நடமாடுகின்றன என்று பார்ப்பதே முக்கியம். ஏர்டேக்கின் குரலை ஐபோன், ஐபேட் போன்ற ஆப்பிள் கருவிகள்தாம் கேட்டு அனுப்பும். கூகுள் வலையமைப்பில் இயங்கும் டேக்கின் குரலை ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் கேட்டு அனுப்பும். சாம்சங் ஸ்மார்ட்டேக் சாம்சங் கேலக்ஸி கருவிகளை மட்டுமே நம்பியிருக்கிறது.

இனி உங்கள் தங்கையின் யோசனைக்கு வருகிறேன். அதில் அன்பு இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கலும் இருக்கிறது. பிறருடைய பையிலோ வண்டியிலோ தெரியாமல் டேக்கை ஒளித்து வைத்து அவர்களைப் பின்தொடரும் கொடுமை நடந்ததால், ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதத்தில் ஒரு பொது எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தன. அதன்படி, உரிமையாளரைப் பிரிந்து வேறொருவருடன் பயணம் செய்யும் டேக்கை அந்த வேறொருவரின் கைப்பேசி கண்டுபிடித்து எச்சரிக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 17.5 முதலும், ஆண்ட்ராய்டில் 6.0 பதிப்பு முதலும் இது உண்டு. தங்கையின் பெயரில் பதிவான ஏர்டேக் உங்கள் தந்தையுடன் பயணம் செய்தால், அவருடைய கைப்பேசி, அறியாத டேக் ஒன்று உங்களுடன் வருகிறது என்று அவரையே எச்சரிக்கும். தனியே பயணம் செய்யும் முதியவருக்கு அது வீண் கலக்கம். அதுமட்டுமல்ல, உரிமையாளரின் ஐபோனை விட்டு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை பிரிந்திருக்கும் ஏர்டேக், யாராவது அதை அசைத்தால் ஒலியெழுப்பும். பயண நாள் வரும்வரை பீரோவின் மேல் கிடக்கும் பையை நகர்த்தும்போதெல்லாம் அந்த ஒலியைக் கேட்க வேண்டியிருக்கும். ஏர்டேக்கை ஐந்து பேர் வரை பகிர்ந்துகொள்ளும் வசதி 2023இலேயே வந்துவிட்டது என்றாலும், அது ஆப்பிள் கணக்கும் ஐபோனும் உள்ளவர்களுக்கே பயன்படும்.

எனவே, கூகுள் வலையமைப்பில் இயங்கும் டேக் ஒன்றை வாங்கித் தந்தையின் கைப்பேசியிலேயே பதிவு செய்து, தொலைந்த பொருள்களைத் தேட உதவும் கூகுளின் ஃபைண்ட் ஹப் செயலியின் மூலம் உங்களுடன் பகிர்ந்துகொள்வதுதான் முறை. மோட்டோ டேக், சிப்போலோ, பெபிள்பீ ஆகியவற்றில் கூகுள் வலையமைப்புக்கென வந்த வகைகள் உண்டு. ஜியோடேக் கோ இந்தியாவிலேயே கிடைக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்து வாங்குங்கள். ஜியோடேக் ஏர் என்று ஏறத்தாழ அதே பெயரில் வருவது ஆப்பிள் வலையமைப்புக்கு உரியது, உங்கள் கைப்பேசியில் அதை அந்த வலையமைப்புடன் இணைக்க முடியாது.

பதில்: நெல்லைச்சீமை

அலைவரிசை அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. சிற்றூர் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் விடையளிக்கிறேன், ஏனெனில் நானும் ஊர்ப்புறத்தில்தான் வசிக்கிறேன்.

நம் ஊர்களில் பத்துக் கைப்பேசிகளை எடுத்தால் ஒன்பது ஆண்ட்ராய்டாகத்தான் இருக்கும். அப்படியானால் கூகுள் டேக் சிற்றூரில் சிறப்பாக வேலை செய்ய வேண்டும் அல்லவா? நடைமுறையில் அப்படி இல்லை. கூகுள் நிறுவனம் தனிமனிதரின் இருப்பிடத்தைக் காப்பதற்காக ஒரு கட்டுப்பாட்டை இயல்பாகவே வைத்திருக்கிறது: ஒரே டேக்கைப் பல கைப்பேசிகள் கேட்டால்தான், அவற்றின் தகவல்களைத் தொகுத்து உரியவருக்கு இடத்தைக் காட்டும். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் இது எளிதில் நடக்கும். வாய்க்கால் கரையில் விழுந்த சாவிக்கொத்தை அவ்வழியே நடந்துபோகும் ஒற்றை ஆளின் கைப்பேசி கேட்டாலும், அந்தத் தகவல் உங்களை வந்து சேராது.

இதற்கு வழி உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் போய், ஃபைண்ட் ஹப் என்பதில் ஆஃப்லைன் கருவிகளைக் கண்டறியும் தேர்வைத் திறந்தால், நெரிசலான இடங்களில் மட்டும் என்பது தேர்வாகியிருக்கும். அதை எல்லா இடங்களிலும் என்று மாற்ற வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மாற்றம் உங்கள் டேக்கின் திறனைக் கூட்டுவதில்லை; உங்கள் கைப்பேசி பிறருடைய டேக்கைத் தனியாகவே கேட்டு அறிவிக்க ஒப்புதல் தருகிறது. உங்கள் தெருக்காரர்களும் பால்காரரும் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவரும் மாற்றினால்தான் உங்கள் சாவி கிடைக்கும். நான் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், விருப்பமுள்ளவர்களின் கைப்பேசியில் இதைச் செய்துகொடுத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு இருந்தால் போதும். இருப்பிடம் தெரிந்துவிடுமோ என்று தயங்கியவர்களுக்கு, தகவல் பூட்டிட்ட நிலையில்தான் போகிறது என்பதையும், கூகுள் கணக்கில் வீட்டு முகவரியைச் சேமித்திருந்தால் வீட்டருகே இருக்கும்போது கைப்பேசி எதையும் அனுப்பாது என்பதையும் சொல்லிப் புரியவைத்தேன். ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டிய உதவி இது என்றே நான் கருதுகிறேன்.

பதில்: பயணப்பை

பணி நிமித்தம் அடிக்கடி விமானத்திலும் ரயிலிலும் செல்பவன் என்ற முறையில் சில நடைமுறைகளைச் சேர்க்கிறேன்.

டேக்கைச் செக்-இன் பையில் வைக்கலாமா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. 2022 அக்டோபரில் ஜெர்மானிய விமான நிறுவனமான லுஃப்தான்சா இதற்குத் தடை இருப்பதுபோல் அறிவித்தது. ஜெர்மானிய வான்போக்குவரத்து அதிகாரிகள் ஆபத்தில்லை என்று உறுதிசெய்ததும், சில நாள்களிலேயே அந்த நிலையை மாற்றிக்கொண்டது. டேக்கில் இருப்பது ஒரு சிறு பட்டன் செல்தான். பவர் பேங்க்குக்கு உரிய விதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

வரைபடத்தில் தெரியும் புள்ளியை மட்டும் பார்க்காமல், அதற்குக் கீழே கடைசியாக எப்போது காணப்பட்டது என்று எழுதியிருக்கும் நேரத்தையும் பாருங்கள். விமானம் பறக்கும்போது பயணிகளின் கைப்பேசிகள் விமானப் பயன்முறையில் இருப்பதால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் வரை புள்ளி திருச்சியிலேயே நிற்கும். அதைப் பார்த்துப் பை ஏறவில்லை என்று பதற வேண்டாம். தந்தை பை வரும் பட்டைக்கு அருகே நின்றுகொண்டிருக்கும்போதும் திருச்சியைக் காட்டும் புள்ளியில், கடைசி நேரம் விமானம் கிளம்பியதற்குப் பிந்தையதாக இருந்தால், அப்போது பை பின்தங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அப்படி நேர்ந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். டேக் காட்டும் இடத்தையும் நேரத்தையும் படமாக எடுத்துக் காட்டுங்கள். ஏர்டேக் வைத்திருப்பவர்களுக்கு ஐஓஎஸ் 18.2 முதல் கூடுதல் வசதி உண்டு. டேக்கின் இடத்தைக் காட்டும் இணைப்பை விமான நிறுவனத்துக்கே அனுப்பலாம், அது 7 நாள்களில் தானாகக் காலாவதியாகிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அதை ஏற்கின்றன. பன்னாட்டு விமானப் பயணத்தில் நேரும் இழப்புகளுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பை தாமதமாகக் கிடைத்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்து மூலம் இழப்பீடு கோர வேண்டும். சேதமாக இருந்தால் 7 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மாத்திரைகளை மட்டும் தயவுசெய்து கைப்பையில் வைத்து அனுப்புங்கள், எந்த டேக்கும் அவற்றை உரிய வேளைக்குக் கொண்டுவந்து தராது.

ரயிலில் இது இன்னும் நன்றாகவே பயன்படுகிறது, ஏனெனில் பெட்டி முழுவதும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள். பையை மறந்து இறங்கிவிட்டால் 139 என்ற எண்ணை அழைத்து, பிஎன்ஆர், பெட்டி எண், இருக்கை எண் மூன்றையும் சொல்லுங்கள். அடுத்த நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பையை எடுத்துவைக்க வழியுண்டு. பை திருடப்பட்டதாகத் தோன்றினால், புள்ளி காட்டும் வீட்டின் கதவைத் தட்டப் போகாமல் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

காவிரிக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. தங்கையிடம் எடுத்துச் சொன்னேன், ஒப்புக்கொண்டாள். ஜியோடேக் கோ வாங்க முடிவு செய்திருக்கிறோம். அம்மாவின் பீரோச் சாவிக்கும் ஒன்று வாங்கலாமா? பேட்டரியை அடிக்கடி மாற்ற வேண்டுமா?

பதில்: அலைவரிசை

தாராளமாக வாங்குங்கள். வீட்டுக்குள் தேடுவதற்கு வலையமைப்பே தேவையில்லை, செயலியில் ஒலிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். மெத்தைக்கு அடியிலோ துணிக்குவியலிலோ இருந்தால் ஒலி மங்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இரும்புப் பெட்டிக்குள் டேக்கை வைத்தால் அலை வெளியே வராது. சாவிக்கொத்தை இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சிஆர்2032 பட்டன் செல் ஏறத்தாழ ஓர் ஆண்டு வரும். குழந்தைகள் விழுங்கிவிடாமல் இருக்க, சில நிறுவனங்கள் அந்த செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. சில டேக்குகளில் அந்தப் பூச்சு மின்தொடர்பைத் தடுப்பதால், புதிய செல் போட்டும் டேக் உயிர்பெறாது. அப்படி நேர்ந்தால் டேக்கைப் பழுது என்று எண்ணாமல், பூச்சில்லாத செல்லைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், பழைய செல்லைக் கழற்றியவுடன் ஒட்டுநாடா சுற்றி எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.