கருத்தடை ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கள் கடுவன் நாய் மாறினானா?

மணி அப்பா, பாளையங்கோட்டை

எங்கள் மணி நாலு வயசு நாட்டு நாய். ஐப்பசி பிறந்துவிட்டால் அவன் எங்கள் நாயே இல்லை. சோற்றை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க முனகுவான். போன வருஷம் கார்த்திகையில் சுவரேறிக் குதித்துப் போனவனை நாலு நாள் காணோம். ஐந்தாம் நாள் காலையில் வாசலில் கிடந்தான். வலது காது கிழிந்திருந்தது, கிழிசலுக்குள் புழு வைத்திருந்தது. டாக்டர் டார்ச் அடித்து இடுக்கியால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் டாக்டர் கருத்தடை ஆபரேஷனைப் பற்றிப் பேசினார். என் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆம்பளப் புள்ளய எதுக்குடா இப்பிடிப் பண்ணுதீக" என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. காது ஆறியதும் தை மாசம் செய்துவிட்டோம். காலையில் கொண்டுபோய், சாயங்காலம் தள்ளாடிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டான். தையலை நக்கக் கூடாது என்று கழுத்தில் போட்ட கூம்பை இரண்டே நாளில் உடைத்துவிட்டான். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி மாட்டிவிட்டேன். பத்து நாளும் வீட்டுக் கதவையெல்லாம் வாளியால் இடித்துக்கொண்டு திரிந்தான்.

முதல் ஒரு மாசம் ஒரு மாற்றமும் இல்லை. பணம் தண்டம் என்றே நினைத்தேன். விதையை எடுத்ததும் ஆண் ஹார்மோன் சில நாளிலேயே இறங்கிவிடும், ஆனால் பழகின பழக்கம் இறங்க மாசக்கணக்கு ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாயில் தங்கிய விந்தணு கொஞ்ச காலம் இருக்குமாம், அதனால் ஒரு மாசத்துக்கு மேல் ஆகும்வரை வெளியே அவிழ்த்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். சித்திரை வாக்கில் கேஸ் சிலிண்டர் மேலும் பிரிட்ஜ் மூலையிலும் ஒண்ணுக்குப் போவது நின்றது. இந்தக் கார்த்திகையில் ஒரு பெட்டைக்குப் பின்னால் ஏழெட்டு நாய் தெருவை இரண்டாக்கிக்கொண்டு போயின. மணி எழுந்து கேட் வரை போனான், பார்த்தான், திரும்பி வந்து மிதியடியில் சுருண்டு படுத்துவிட்டான்.

ஆனால் என் ஸ்கூட்டர் முன்சக்கரத்தை நனைப்பதை மட்டும் விட்டபாடில்லை. கொரியர்காரரைக் கண்டால் பழைய ஆவேசம்தான், இம்மியும் குறையவில்லை. அது ஏன் என்றுதான் புரியவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

புருனோ அம்மா, கோவை

எங்களுடையது லேப்ரடார். பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு ஏழாவது மாசத்திலேயே பண்ணிவிட்டோம். இப்போதானால் அவ்வளவு சீக்கிரம் பண்ண மாட்டேன். பெரிய உடம்புக்கார ஜாதிகளுக்கு எலும்பு வளர்ந்து முடியும் முன்பே அந்த ஹார்மோனை நிறுத்தினால் மூட்டுத் தொந்தரவு கூடுதலாக வரலாம் என்று பிறகுதான் தெரிந்தது. புருனோவுக்கு நாலு வயசில் பின்னங்கால் முட்டி தகராறு. லேப்ரடாருக்கு அது பொதுவாகவே வரும், ஆபரேஷனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உறுத்துகிறது.

குணம் என்று கேட்டால், அவன் காலைத் தூக்கி ஒண்ணுக்குப் போனதே இல்லை, இன்றுவரை குந்தித்தான். ஓடிப்போகும் எண்ணமும் கிடையாது. ஆனால் விருந்தாளி வந்தால் சோபா தலையணையைக் கட்டிப்பிடித்து ஏறுவது மட்டும் நிற்கவில்லை. மாமனார் வந்தால் எனக்கு மானம் போகும். டாக்டரிடம் கேட்டேன். அது எப்போதும் காமம் இல்லையம்மா, சந்தோஷம் தலைக்கேறினாலும் அப்படித்தான் செய்யும் என்றார். இப்போது காலிங் பெல் அடித்ததும் தலையணையை ஒளித்து வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

இன்னொன்று, பசி. 31 கிலோ இருந்தவன் ஒரே வருஷத்தில் 39 கிலோ. உடம்புக்கு வேண்டிய சக்தி குறையும், ஆனால் பசி கூடும். யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்து, தயிர்சாதத்தை அறவே நிறுத்தின பிறகுதான் இறங்கியது. நிறுத்தின அன்று அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி.

கோவில்பட்டிக்காரன்

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. எங்களுடையது கன்னி என்கிற வேட்டை நாய் ஜாதி, கடுவன். பிறவியிலேயே கூச்சம், புது ஆளைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மூலையில் மாட்டிக்கொண்டால் கடிப்பான். "ஆபரேஷன் பண்ணினா சாதுவாயிடும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இரண்டு வயசில் பண்ணினோம்.

கூடிவிட்டது. முன்பு உறுமிவிட்டுக் கடிப்பான், இப்போது உறுமாமலே கடிக்க ஆரம்பித்தான். தீபாவளிக்கு முதல் நாள் எங்கோ தூரத்தில் சரம் வெடிக்க, தாங்கிப் பிடிக்கப் போன சித்தப்பாவின் கையில் நாலு பல் பதிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட வரிசையில் நின்றபோது சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வேறொரு டாக்டர் பிறகு விளக்கினார். இவன் கடிப்பது வீரத்தால் இல்லை, பயத்தால். கொஞ்ச நஞ்சத் தைரியம் தருவதும் அந்த ஹார்மோன்தான், அதை எடுத்தால் பயந்த நாய் சில சமயம் இன்னும் பயப்படும். இதை முதல் ஆளே சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாசமாக, வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் தூரத்தில் உட்கார்ந்து வேகவைத்த கோழித் துண்டை வீசச் சொல்கிறோம். கட்டிலுக்கு வெளியே அரை உடம்பு வந்திருக்கிறது.

வேப்பேரியில் படித்த பழைய மாட்டு டாக்டர்

மணி அப்பா கேட்டதற்குப் பதில் கோவில்பட்டித் தம்பி எழுதியதில் பாதி இருக்கிறது. நம் ஊரில் எல்லாரும் காயடித்த காளையை மனசில் வைத்துக்கொண்டு நாயைப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு இடுக்கி போட்டவன் நான். காளைக்குச் சரியாக வருகிற கணக்கு நாய்க்கு முழுசாக வராது. பெட்டையைத் தேடி ஓடுவது, மோப்ப அடையாளம் வைப்பது, ஏறுவது, கடுவனும் கடுவனும் முறைத்துக்கொள்வது, இவற்றில் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. கொரியர்காரரைக் குரைத்து விரட்டுவதில் இல்லை. மணியின் கண்ணில் அது தினமும் ஜெயிக்கிற சண்டை. அவன் குரைக்கிறான், அந்த ஆள் போய்விடுகிறார். ஜெயிக்கிற ஆட்டத்தை யார் விடுவார்கள்?

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1997இல் 57 கடுவன்களை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வைத்து எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ஊர் சுற்றுவது, ஏறுவது, அடையாளம் வைப்பது மூன்றிலும் பத்தில் ஆறு நாய்க்காவது பாதிக்குப் பாதி குறைந்தது. கிட்டத்தட்ட முழுசாக நின்றது நாலில் ஒன்று முதல் பத்தில் நாலு வரைதான். அதாவது உங்கள் ஸ்கூட்டர் சக்கரம் தப்பிக்காமல் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் அதில் வந்தது. இளசோ கிழமோ, பலன் வயசைப் பொறுத்து மாறவில்லை.

குணத்தை விட்டுவிட்டு ஒரு வார்த்தை. ஊர் சுற்றும் கடுவனுக்குக் குறியில் வரும் ஒட்டுப் புற்றுக்கட்டி நம் தெருக்களில் சாதாரணம். பெரும்பாலும் சேர்க்கையில் தொற்றும். சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும், வீட்டுக்காரர் கல்லடைப்பு என்று நினைத்துக்கொண்டு வருவார். ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். மணி அந்த நாலு நாளில் காதோடு தப்பித்தான்.

சீசர் வீடு, தஞ்சாவூர்

டாக்டர் ஐயா வயசைச் சொன்னதால் எழுதுகிறேன். நாங்கள் பண்ணவே வேண்டாம் என்று இருந்தவர்கள். ராஜபாளையம், பெரிய காம்பவுண்டு, சங்கிலி இல்லாமல் வெளியே போனதே இல்லை. எட்டு வயசில் ஒண்ணுக்கில் ரத்தம். புராஸ்டேட் வீங்கியிருந்தது. ஆபரேஷன்தான் வழி என்றார்கள், ஒன்பதாவது வயசில் பண்ணினோம். வீக்கம் இரண்டு மாசத்துக்குள் வடிந்துவிட்டது. மார்கழி ராத்திரிகளில் எட்டு வருஷமாக ஊளையிட்டவன் அந்த மார்கழியில் குறட்டை விட்டான். காவல் குணம் போய்விடுமே என்று அப்பாவுக்குக் கவலை. போகவில்லை. பால்காரர் இன்றும் கேட்டைத் தாண்டி வர மாட்டார்.

தெருச் செல்லங்கள், சென்னை

வீட்டு நாய்க் கதைக்கு நடுவில் தெருவைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் தெருவில் ஆறு கடுவன். மாநகராட்சி வண்டியில் போய், காது நுனியில் வெட்டு அடையாளத்தோடு திரும்பி வந்தவர்கள். 2001 விதியிலும் சரி, 2023இல் வந்த புது விதியிலும் சரி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. "ஆபரேஷன் பண்ணியும் பைக்கை விரட்டுதே" என்று மேல் வீட்டுக்காரர் எனக்கு எதிராகப் புகார் எழுதினார். பைக் விரட்டுவது தனி வியாதி சார், அதற்கும் விதைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் முன்பெல்லாம் ஒரு பெட்டைக்காக ஆறு பேரும் ரத்தம் வர அடித்துக்கொள்வார்கள், நான் மஞ்சளும் மருந்துமாகத் திரிவேன். இரண்டு வருஷமாக அந்த டப்பாவைத் திறக்கவில்லை. செவலைதான் இன்னும் தலைவன். அவனுக்கு முன் யாரும் சோற்றில் வாய் வைப்பதில்லை.

மணி அப்பா, பாளையங்கோட்டை

டாக்டர் ஐயா, "தினமும் ஜெயிக்கிற சண்டை" என்று நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கோவில்பட்டித் தம்பியின் வைத்தியத்தைக் கொரியர்காரத் தம்பியிடம் சொல்லி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தேன். நேற்று அவர் வண்டியை விட்டு இறங்காமலே ஒன்றை உள்ளே வீசினார். மணி ஓடிப்போய் நிதானமாகத் தின்று முடித்தான். அப்புறம் குரைத்தான்.