மறு: தேடலுக்கான ஷார்ட்கட் - "தேடல் சுட்டு" எப்படி?

வணக்கம். உலாவியைத் தமிழாக்கும்போது தேடல் ஷார்ட்கட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், குறிச்சொல், ஏவுசொல் என்ற யோசனைகளுக்கும் கீழே உள்ள கேள்விக்கும் என் பதில் இது.

> ஷார்ட்கட் என்றாலே குறுக்குவழிதானே, புதுச்சொல் எதற்கு?

சிக்கலே அதில்தான். கண்ட்ரோலோடு எல் விசையை அழுத்தினால் கர்சர் முகவரிப் பட்டைக்குப் போகிறது, அதைக் குறுக்குவிசை என்று சொல்லிவிடலாம். விண்டோஸ் முகப்பில் வளைந்த அம்புக்குறியோடு கிடக்கிற படத்தைக் குறுக்குவழி என்கிறோம், அது பழகிவிட்டது. நாம் பேசுவது மூன்றாவது ஒன்றை. முகவரிப் பட்டையில் "வி" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு "ஆமை" என்று எழுதி எண்டர் தட்டினால் நேரே தமிழ் விக்கிப்பீடியாவின் ஆமைக் கட்டுரை வந்து நிற்கிறதே, அந்த "வி"க்குத்தான் பெயர் தேடுகிறோம்.

குரோம் இதை ஷார்ட்கட் என்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் கீவேர்டு என்கிறது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கீவேர்டைக் குறிச்சொல் ஆக்கலாம் என்ற நண்பர், ஃபயர்ஃபாக்ஸில் ஒரு புத்தகக்குறியைத் திருத்தும் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். டேகுக்கு ஒரு கட்டம், அடுத்தே கீவேர்டுக்கு ஒரு கட்டம். டேகைக் குறிச்சொல் என்று வலைப்பதிவுக் காலத்திலிருந்தே எழுதி வருகிறோம், அப்புறம் இரண்டு கட்டத்துக்கும் ஒரே பெயரா?

இன்னொரு யோசனையான ஏவுசொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பில்லி சூனியம் ஏவல் என்று எங்கள் ஊரில் ஒரே மூச்சில் சொல்வார்கள், அதை விட்டாலும் ஏவல் வினை என்று இலக்கணத்தில் வேறு இருக்கிறது. தவிர இந்த "வி" எதையும் ஏவுவதில்லை. அதற்கென்று சேமித்து வைத்த தேடல் முகவரியில் விழுக்காட்டுக் குறியும் எஸ் எழுத்தும் (%s) இருக்கிற இடத்தில் நாம் அடித்த சொல்லை உலாவியே போட்டு நிரப்பிக்கொள்கிறது, "வி" செய்வதெல்லாம் எந்த முகவரி என்று காட்டுவது மட்டும்தான். அவ்வீடு, இம்மரம் என்பதில் ஓரெழுத்து முன்னால் நின்று சுட்டுகிறது இல்லையா, அதே வேலை. அதனால்தான் தேடல் சுட்டு என்கிறேன். பின்னால் வருவது தேடுசொல்.

சுட்டி என்று மவுசையும் இணைப்பையும் சொல்கிறோமே என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். அதனால் "சுட்டு" என்று தனியாக எங்கும் எழுத வேண்டாம், எப்போதும் "தேடல்" சேர்த்தே எழுதுவோம். "தேடல் சுட்டைச் சேர்", "தேடல் சுட்டை நீக்கு" என்று பொத்தானில் போட்டாலும் இடறவில்லை. டக்டக்கோ தேடுபொறியில் வியப்புக்குறி போட்டு அடிக்கிற சுருக்க வகையை மட்டும் இதில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது, அது டக்டக்கோ தளத்துக்குப் போய் அங்கிருந்து திருப்பிவிடப்படுவது, உலாவிக்குள் நடப்பதில்லை. அதை வேறு இழையில் பேசலாம்.

இன்னொன்று. உதவிப் பக்கத்தில் எடுத்துக்காட்டை ஆங்கில எழுத்தில் கொடுக்காதீர்கள். டபிள்யூ அடித்துவிட்டு ஆமைக்காக விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றுவதற்குள் விக்கிப்பீடியாவைத் திறந்தே தேடிவிடலாம். விக்கிப்பீடியாவுக்கு "வி", விக்சனரிக்கு அகராதியின் "அ" என்று இருக்கட்டுமே.

ஏவுசொல் தரப்பினர் மறுப்பு எழுதும்போது, "வி" போன்றதை உள்ளிடுகிற கட்டத்துக்குக் கீழே வரவேண்டிய விளக்க வரியையும் சேர்த்து எழுதுங்கள். என்னுடையது: "தேடல் சுட்டை அடித்து, இடைவெளி விட்டு, தேடுசொல்லை எழுதுங்கள்."