ஸ்ரோர் கணக்கும் ஜொப் காட்டும் பொருந்தவில்லை: அரச வேர்க்சொப்பில் எங்கிருந்து திருத்துவது?

நிலாவெளி_7

வணக்கம். திருகோணமலையில் ஒரு அரச திணைக்களத்தின் வேர்க்சொப். டபிள் கப் பிக்கப், லொறி, டிரக்டர், தண்ணீர் பவுசர் எல்லாம் சேர்த்து 30 வாகனம் வரும். மெக்கானிக் 4 பேர், எலக்ட்ரீஷியன் ஒருவர், களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர். ஸ்ரோரில் இருந்து போன ஒயில், பற்றரி, பிரேக் சாமான் எந்த வாகனத்துக்குப் பூட்டப்பட்டது என்று கணக்காய்வு ஐயவினா (கணக்காய்வாளர் எழுத்தில் கேட்கும் கேள்வி) வந்திருக்கிறது. பதில் எழுத ஆதாரம் இல்லை.

இப்போது நடப்பது இதுதான்: சாரதி பிழையை வாயால் சொல்வார், மெக்கானிக் துண்டில் எழுதிச் சாமான் எடுப்பார், ஜொப் காட் (வாகனத்தில் செய்த வேலையையும் பூட்டிய சாமானையும் எழுதும் அட்டை) மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பப்படும். இன்னொரு உத்தியோகத்தரின் கையொப்பத்தையும் சேர்த்தால் சரி என்று ஒரு யோசனை இருக்கிறது. அது போதுமா?

பின்காட்

போதாது. புதிதாகக் கையொப்பம் இடுபவர் ஏற்கனவே உள்ள கையொப்பங்களை நம்பித்தான் வைப்பார், சாமானைக் கண்ணால் பார்க்கமாட்டார். மாதக் கடைசியில் எழுதும் ஜொப் காட், ஸ்ரோர் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. அது பொருந்தினாலும் ஒன்றையும் நிரூபிக்காது.

ஜொப் காட் தொடர் இலக்கம் அச்சிட்டு, மூன்று பிரதியாக இருக்கவேண்டும். வாகனம் உள்ளே வந்ததும், ஒரு நட் கழற்றுவதற்கு முன், அதைத் திறவுங்கள். திகதி, மீற்றர் வாசிப்பு, சாரதி சொன்ன பிழை, சாரதியின் கையொப்பம். பிழையைப் பார்த்துச் சாமான் தேவை என்று எழுதுபவர் ஒருவர், அனுமதிப்பவர் இன்னொருவர், சாமான் கொடுப்பவர் மூன்றாமவர். ஆள் குறைவு என்றாலும் இந்த மூன்றையும் ஒருவரிடம் விடவேண்டாம். பழுதான காட்டைக் கிழித்து வீசாமல் 'இரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே வையுங்கள். இலக்கம் ஒன்று காணாமல் போனால் அதுவே முதல் கேள்வி.

உண்மையான கட்டுப்பாடு பழைய சாமானில் இருக்கிறது. கழற்றியது ஸ்ரோருக்கு வந்தால்தான் புதியது வெளியே போகவேண்டும். டிஸ்க் பிரேக் பாட் புதிதாக 10 மி.மீ. அளவு தடிப்பு இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றலாம். 7 மி.மீ. உள்ளதைக் கொண்டுவந்தால் ஏன் கழற்றியது என்று அந்த இடத்திலேயே கேட்கவேண்டும். பழைய பாட்டைக் கையில் வாங்கியவுடன் அதன் இரும்புத் தகட்டில் ஹாக்சோவால் ஒரு வெட்டு, பெயின்றால் ஜொப் காட் இலக்கம். வெட்டு இல்லாவிட்டால் அதே பழைய பாட் அடுத்த மாதம் வேறு வாகனத்தின் பெயரில் திரும்பி வரும். ஒயில் பில்டரை ஸ்குரூ டிரைவரால் குத்தி ஓட்டையாக்குங்கள்.

கன்னியா_டீசல்

பின்காட் சொன்னதோடு ஒயிலைத் தனியாகப் பாருங்கள். அதிகம் கரைவது அதுதான், பழைய சாமான் போல வெட்டிக் குறியிடவும் ஏலாது.

ஒரு பரல் ஏறத்தாழ 210 லீற்றர். டபிள் கப்புக்குப் பில்டரோடு சுமார் 7 லீற்றர் என்று வைத்தால் ஒரு பரலில் 30 சேர்விஸ். உங்களிடம் உள்ள ஒவ்வொரு மொடலுக்கும் கைநூலில் உள்ள அளவை எழுதி ஸ்ரோர்க் கதவில் ஒட்டுங்கள். அதற்கு மேல் கேட்டால் காரணம் எழுதித்தான் கொடுக்கவேண்டும். எஞ்சின் ஒயில் குடிக்கிறது என்றால் இடையில் ஊற்றிய ஒவ்வொரு லீற்றரும் அந்த வாகனத்தின் காட்டில் ஏறட்டும். அப்போதுதான் எந்த எஞ்சினைத் திறக்கவேண்டும் என்பதும் தெரியும். காலையில் பரலுக்குள் அளவுகோல் விட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வடித்த ஒயிலையும் அளவிடுங்கள். மாதத்தில் 10 சேர்விஸ், 70 லீற்றர் வெளியே போனது என்றால் 60 லீற்றருக்குக் கிட்டவாவது கழிவுப் பரலுக்கு வந்திருக்கவேண்டும். 40தான் இருக்கிறது என்றால், ஒன்றில் ஒயில் மாற்றவில்லை, அல்லது கழிவு ஒயில் வெளியே விலைபோகிறது. கழிவு ஒயிலும் அரச சொத்து. விற்ற பணம் பற்றுச்சீட்டோடு அரச கணக்குக்குப் போகவேண்டும், வாங்குபவரிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும்.

டயர், பற்றரிக்குத் தொடர் இலக்கத்தைக் காட்டில் எழுதுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. 'புது டயர்' என்று பழைய இருப்பைத் தள்ளிவிடுவது இதில் பிடிபடும்.

எங்கள் ஊருக்கு இன்னொன்று. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கடற்கரை ஓரமாக ஓடும் வாகனத்தில் பிரேக் குழாய் துருப்பிடிப்பதும் பற்றரி முனையில் வெள்ளைப் பூப் பூப்பதும் கடலில் இருந்து தள்ளியுள்ள கந்தளாய்ப் பக்க வாகனத்தைவிடச் சீக்கிரம் வரும். அது நியாயமான செலவு. காரணத்தைக் காட்டில் எழுதி ஒரு படமும் எடுத்து வையுங்கள். எழுதாவிட்டால் நியாயமான செலவும் திருட்டு மாதிரித்தான் தெரியும்.

நிலாவெளி_7

மிக்க நன்றி அண்ணாமார். இரண்டு விசயம் விட்டுப்போனது. நிற்கிற வாகனத்தில் கழற்றி ஓடுகிற வாகனத்துக்குப் பூட்டுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. வெளிக் கராஜுக்கு அனுப்புவதும் உண்டு. இவற்றை எப்படிப் பதிவது?

கோப்பு_மேசை

கழற்றிப் பூட்டுவதற்கு இரண்டு ஜொப் காட் வேண்டும். ஒன்றில் 'கழற்றியது', மற்றதில் 'பூட்டியது', ஒன்றில் மற்றதன் இலக்கம், எழுத்தில் அனுமதி. இல்லாவிட்டால் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் ஒல்டனேற்றரும் ஸ்ராற்றரும் இல்லாத வெறுங்கூட்டைத்தான் காண்பார்கள். அது நட்டமாகக் கணிக்கப்பட்டு அரச நிதி விதியான நிதிப் பிரமாணம் 104இன் கீழ் விசாரணைக்குப் போகும்.

வெளிக் கராஜ் விசயத்தில் மூன்று விலைமனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே வரிசை என்றால் எழுதியது ஒரு கை. ஒரே வாகனத்துக்கு ஒரு கிழமைக்குள் கிளச் பிளேட் ஒரு பில், பிரஷர் பிளேட் ஒரு பில், கூலி ஒரு பில் என்று வந்தால் தொகையை அனுமதி எல்லைக்குக் கீழே வைக்கப் பிரித்திருக்கிறார்கள். கியர் பொக்ஸை ஒருதரம் இறக்கினால் மூன்றும் ஒரே வேலை. பழைய சாமானை வெளிக் கராஜில் இருந்தும் கேட்டு வாங்கவேண்டும், அதை வேலைக் கட்டளையிலேயே நிபந்தனையாக எழுதுங்கள்.

பெரிய எஞ்சின் வேலைக்கு ஒரு நல்ல சோதனை கையிலேயே இருக்கிறது. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 30/2016இன்படி 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 25,000 கி.மீ. ஓடியதும், அல்லது எஞ்சினில் பெரிய திருத்தம் செய்ததும், எது முந்துகிறதோ அப்போது எரிபொருள் பாவனைப் பரிசோதனை செய்யவேண்டும். திருத்தத்துக்கு முந்திய கி.மீ./லீற்றர் அளவையும் பிந்தியதையும் காட்டில் எழுதுங்கள். பம்ப், நோசில் முழுக்க மாற்றியதாகப் பில் வந்து அளவு அசையவில்லை என்றால், பணம் கொடுக்க முன் திறந்து பார்க்கக் கேளுங்கள்.

இதெல்லாம் மீற்றர் வேலைசெய்தால்தான் நடக்கும். ஆகவே மீற்றர் பழுதான வாகனங்களை முதலில் திருத்துங்கள். நாளாந்த ஓட்டப் பதிவையும் மாதச் சுருக்கத்தையும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் கணக்காய்வுக்கு அனுப்பவேண்டும் (நிதிப் பிரமாணம் 1646). மீற்றர் ஓடாத வாகனத்துக்கு அது வெறும் ஊகம்.

ஐயவினாவுக்குப் பதில் எழுதும்போது பழைய மாதங்களுக்கு இப்போது ஜொப் காட் நிரப்பாதீர்கள். இல்லாததை இல்லை என்று எழுதி, புதிய காட் தொடங்கிய திகதியையும் முதல் இலக்கத்தையும் அன்று எண்ணிய ஸ்ரோர் இருப்பையும் இணைத்து அனுப்புங்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு 10 சாமான், முன்கூட்டிச் சொல்லாமல், ஸ்ரோருக்கு வெளியே உள்ள ஒருவர் எண்ணட்டும்.