சோடியம் அயோடைடு பல்ஸ் 220 மைக்ரோசெகண்ட் வருது, கிரிஸ்டல் போச்சா?

நள்ளிரவு_லேப்:
கதிர் பட்டால் ஒளிரும் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு கிரிஸ்டல், அந்த ஒளியை மின் பல்ஸாக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் டியூப், கதிர் மூலமாக சீசியம்-137. டியூபின் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து 2 மீட்டர் கோஆக்சியல் கேபிள் நேராக ஆசிலாஸ்கோப்புக்கு (ஸ்கோப்); நடுவில் லோடு ரெசிஸ்டர் எதுவும் இல்லை. புத்தகத்தில் தேய்வு நேரம், அதாவது கிரிஸ்டலின் ஒளி மங்கும் நேரம், சுமார் 230 நானோசெகண்ட். எனக்கு 220 மைக்ரோசெகண்ட்! எண் கிட்டத்தட்ட அதே என்பதால் ஸ்கோப்பில் யூனிட்டைத் தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாச்சு. ஈரம் இறங்கி கிரிஸ்டல் கெட்டிருக்குமா?

ஈயப்பற்று:
கிரிஸ்டலைத் திட்டாதீங்க தம்பி, பாவம். ஈரம் பட்டால் மஞ்சளித்து வெளிச்சம் குறையும். தேய்வு ஆயிரம் மடங்கு நீளாது. நீங்க அளந்தது உங்க கேபிளை. கோஆக்சியல் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட், அப்போ 200. ஸ்கோப் வாய் ஒரு 20. ஸ்கோப் இன்புட் 1 மெகாஓம்தானே? மொத்தம் 220 பிக்கோஃபாரடை அந்த 1 மெகாஓமால் பெருக்கிப் பாருங்க, கேபிளில் சேர்ந்த சார்ஜ் வடியும் நேரம் வரும்: 220 மைக்ரோசெகண்ட். 230-க்குப் பக்கத்தில் வந்தது வெறும் தற்செயல், அதுதான் உங்களைக் குழப்பிவிட்டது. நானும் இதே குழியில் ஒரு வாரம் கிடந்தவன், ஒரு நல்ல டியூபைக் கழற்றி மாற்றியே விட்டேன்.

ஸ்கோப் இன்புட்டை 1 மெகாஓமுக்குப் பதில் 50 ஓம் போடுங்க, சார்ஜ் சட்டென்று வடிந்துவிடும். பல்ஸின் உயரம் சுருங்கும், பயப்படாதீங்க.

தேடிய 230 அந்தப் பழைய படத்திலேயே இருக்கு, முன்பக்கச் சரிவில். கிரிஸ்டல் ஒளிரும் வேகத்தில்தான் கேபிளில் சார்ஜ் நிரம்புது. வால் முழுக்க அது வடியும் நேரம்.

கம்பிச்சுருள்:
சந்தேகம் இருந்தால் கேபிளை 4 மீட்டராக்குங்க. வாலும் கிட்டத்தட்ட இரட்டிப்பானால் கிரிஸ்டல் நிரபராதி.

நள்ளிரவு_லேப்:
50 ஓம் போட்டேன். 2 வோல்ட் இருந்தது 95 மில்லிவோல்ட் ஆச்சு. ஆனால் ஸ்கோப்பின் ஃபால் டைம் 30 நானோசெகண்ட் பக்கம் காட்டுது, ரைஸ் டைம்தான் 510. இது என்ன கூத்து?

ஈயப்பற்று:
ஆனோடு பல்ஸ் நெகட்டிவ். கீழே விழுவது தொடக்கம், மேலே ஏறி வருவதுதான் தேய்வு. அதனால் உங்களுக்கு வேண்டியது ரைஸ் டைம். அதுவும் 10-லிருந்து 90 சதவீதக் கணக்கு, எக்ஸ்பொனென்ஷியல் தேய்வுக்கு அது டௌவைப் (புத்தகம் சொல்லும் தேய்வு நேரம்) போல 2.2 மடங்கு. 510-ஐ 2.2-ஆல் வகுங்க.

நள்ளிரவு_லேப்:
232. கிரிஸ்டலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் அண்ணா.