மெக்சிகோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பெயர், பன்றிக்கொழுப்பு, படையல்

கேள்வி: வணக்கம். குவாதலஹாராவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆபீஸில் ஆங்கிலத்தில் சமாளிக்கிறேன், வெளியே போனால் தடுமாற்றம்தான். ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வேறு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? நான் சைவம்.

பதில்: வாங்க தம்பி. நான் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஸ்பானிஷ் படித்துவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்பானிஷுக்கு அடியில் இன்னொரு மெக்சிகோ இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதல் வாரம் நான் சொதப்பியதைச் சொல்கிறேன். ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து, "நான் இந்தியன்" என்று சொல்வதாக நினைத்து, "சோய் இந்தியோ" என்றேன். எல்லோரும் ஒரு கணம் குனிந்துகொண்டார்கள். கொலம்பஸ் இந்தியா என்று நினைத்து இறங்கிய இடத்து மக்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. முந்நூறு ஆண்டு ஸ்பானிய ஆட்சியில் கீழே இருப்பவனைக் குறிக்கும் சொல்லாகி, இன்றைக்குத் தெருச் சண்டையில் வசவாக விழுகிறது. "சோய் தெ லா இந்தியா" என்று சொல்லுங்கள். அவர்கள் உங்களை "இந்தூ" என்பார்கள். அது மதமல்ல, நாடு. எங்கள் ஆபீஸ் நாகர்கோவில் கிறிஸ்தவ நண்பரும் இந்தூதான், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டார்.

பூர்வகுடிகளை "இந்திஹெனா" என்பார்கள். நாவா, மாயா, சபோதெக், புரேப்பெச்சா என்று அந்தந்த மக்களின் பெயரைச் சொன்னால் இன்னும் நல்லது. அரசு ஏற்றுக்கொண்ட பூர்வகுடி மொழிகள் 68. நாவா மக்களின் மொழியான நாவாத்தலை மட்டும் 2020 கணக்கெடுப்பின்படி 16 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். நகரத்து ஆட்கள் இவற்றை "தியாலெக்தோ", அதாவது வட்டார வழக்கு, என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் சொல்லாதீர்கள். தமிழை யாராவது அப்படிச் சொன்னால் நமக்குச் சுருக்கென்று இருக்காதா?

அடுத்த தலைவலி பெயர். இங்கே ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர். அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால். இது ஸ்பெயின் வழக்கம். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. நம் பாஸ்போர்ட்டிலோ அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும், மனைவிக்கு நம் பெயர் இருக்கும். கூர்ப் என்கிற, எழுத்தும் எண்ணுமாக 18 இடம் கொண்ட அடையாளக் குறியீட்டை இந்தப் பெயர்களின் எழுத்துகளை வைத்துத்தான் கோக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் குடும்பப்பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் எக்ஸ் விழும். விழட்டும். வங்கியில் கேட்கிறார்களே என்று அம்மா பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். வங்கி அட்டையில் ஒரு பெயர், குடியிருப்பு அட்டையில் இன்னொன்று என்றாகி, திருத்த நாலு மாதம் அலைந்தேன். "நோ தெங்கோ செகுந்தோ அபெயீதோ", அதாவது எனக்கு இரண்டாம் குடும்பப்பெயர் இல்லை, என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் விசாவில் "கான்ஹே" என்று போட்டிருந்தால், குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க இறங்கிய நாளிலிருந்து 30 நாள்தான். மூன்று வாரம் ஆயிற்று என்கிறீர்கள். நாளைக்கே போங்கள்.

சரி, சாப்பாடு. கார்னே என்றால் இறைச்சி. ஆனால் "கார்னே வேண்டாம்" என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள், கோழியோ ஹாமோ தட்டில் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாமல் கவிழ்ப்பது மன்தேக்கா, பன்றிக்கொழுப்பு. மசித்த பீன்ஸைப் பல இடங்களில் அதில்தான் வதக்குவார்கள். சிவப்புச் சோறு பல கடைகளில் கோழிச் சாற்றில் வேகும். "தியெனே மன்தேக்கா?", மன்தேக்கா இருக்கிறதா, என்று கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

நான் கண்ட வழி ஒன்று உண்டு. பன்றி, மாடு, கோழி எல்லாம் ஸ்பானியர்களின் கப்பலில் வந்தவை. 1521இல் அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியர்களிடம் விழும்வரை இந்த மண்ணின் சாப்பாடு மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய். இறைச்சி என்றால் வான்கோழி, வேட்டை, மீன். ஆகவே பழைய சாப்பாட்டைத் தேடிப் போங்கள். நோபால் என்கிற சப்பாத்திக்கள்ளி மடல், பூசணிப்பூ, சோளக்கதிரில் முளைக்கும் வித்லகோச்சே காளான். சோளமாவை இலையில் பொதிந்து அவிக்கும் தமாலேயில் மட்டும் ஏமாறாதீர்கள். பெயர் நாவாத்தல், கொழுப்பு ஸ்பெயின்.

தோர்த்தியா என்கிற சோள ரொட்டிக்குச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைக்கிறார்கள். அதைச் சுடும் கோமால் நம் தோசைக்கல்லேதான். மெத்தாத்தே அம்மி, ஆனால் மூன்று கால். எங்கள் அம்மா வந்திருந்தபோது சந்தையில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மிக்குக் கால் முளைச்சிருக்குடா" என்றார். சப்போட்டாப் பழமும் இந்த ஊர்க்காரர்தான், பெயரும் நாவாத்தலின் "த்சாபோத்ல்" வழி வந்தது. எதிர்த்திசையில் வந்ததும் உண்டு. இங்கே ஒரு மாம்பழ வகைக்கு மனிலா என்றே பெயர். 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கு ஓடிய மனிலா கப்பல்களின் மிச்சம் அது. புளி எல்லாச் சந்தையிலும் கிடைக்கும், சாம்பாருக்குக் கவலை வேண்டாம்.

இன்னொருவர் கேள்வி: அண்ணா, நான் கெரெத்தாரோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா, இறந்தவர்களுக்கு வைக்கும் நவம்பர் படையலுக்கு எங்கள் அப்பா போட்டோவைக் கேட்கிறார். அப்பா தவறி ஒரு வருடம்தான் ஆகிறது. வேறு மதச் சடங்காச்சே என்று ஊரில் அம்மா தயங்குகிறார். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. எல்லோரிடமும் கேட்கமாட்டார்கள், உங்களை வீட்டு மனுஷியாக நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். நவம்பர் 1, 2 கத்தோலிக்க நாட்காட்டியின் தேதிகள்தான். ஆனால் செத்தவர்களுக்குச் சோறு படைப்பது ஸ்பானியர் வருமுன்பே இங்கே இருந்தது. 1ஆம் தேதி குழந்தைகளுக்கு, 2ஆம் தேதி பெரியவர்களுக்கு என்பது வழக்கம், அப்பா போட்டோ இரண்டாம் நாளுக்கு. சாம்பிராணி மாதிரி கோபால் என்கிற மரப்பிசினில் புகை போடுவார்கள். பூ செம்பசூச்சில், நம் செண்டுமல்லி. அதன் பூர்வீகமே மெக்சிகோ. தலைநகரில் நடக்கும் பெரிய ஊர்வலத்தை வைத்து எடைபோடாதீர்கள். ஓர் ஆங்கிலப் படத்தில் வந்த கற்பனைக் காட்சியைப் பார்த்து 2016இல்தான் தொடங்கினார்கள். வீட்டில் நடப்பது வேறு.

அப்பாவுக்குப் பிடித்ததைச் செய்து எடுத்துப் போங்கள். காபி என்றால் வெராக்ரூஸ் தூள் நன்றாக இருக்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார்கள், வெகுதூரம் வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமாம்.