புதுப்பிப்பு: டியூஷன் லேப்டாப்புக்கு கடைசியா எக்ஸ்எஃப்சிஇ (Xfce) டெஸ்க்டாப்தான்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் நம்ம தோட்டத்து பிள்ளைங்க டியூஷனுக்கு வந்த 4 ஜிபி மெமரி பழைய லேப்டாப்ல எந்த லினக்ஸ் டெஸ்க்டாப் (மெனு, ஜன்னல் எல்லாம் சேர்ந்த திரை முகப்பு) போடலாம்னு, முடிவாயிடுச்சு. முதல்ல லினக்ஸ் மிண்ட்ங்கிற இலவச இயங்குதளத்த அதோட சினமன் டெஸ்க்டாப்போடதான் போட்டேன், பார்க்க அழகு, ஆனா பிரவுசர்ல நாலு டேப் திறந்தாலே திணறுது. அப்பதான் இங்க ஒரு அண்ணன் சொன்னாரு, முழுசா அழிச்சு மறுபடி போடத் தேவையில்ல தம்பி, அதே மிண்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டாப்பையும் இன்ஸ்டால் பண்ணு, லாகின் பண்றப்ப எது வேணுமோ தேர்ந்தெடுத்துக்கலாம்னு. ரொம்ப நன்றிண்ணே, ரெண்டையும் ஒரு வாரம் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்தேன், எக்ஸ்எஃப்சிஇல மெமரி நல்லாவே மிச்சமாகுது. விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்ங்கிற செட்டிங்ல, ஜன்னலுக்கு நிழல் மாதிரி அலங்காரம் போடுற கம்போசிட்டரையும் ஆஃப் பண்ணேன், நிழலெல்லாம் போயிடும், ஆனா ஜன்னல்கள நகர்த்துறப்ப இழுவை இல்ல.

தமிழ் டைப்பிங்தான் எனக்கு முக்கியம். பல மொழியில டைப் பண்ண உதவுற ஐபஸும் (IBus) எம்17என்னும் (m17n) போட்டு தமிழ்99 கீபோர்டு முறையச் சேர்த்தாச்சு, ஒருதடவ லாக் அவுட் பண்ணி உள்ள வந்தாதான் வேலை செஞ்சது, இத யாரும் மறந்துடாதீங்க. நேத்து ரெண்டாம் வகுப்புப் பிள்ள ஒண்ணு தன் பேர தமிழ்ல அடிச்சு எல்லாருக்கும் காட்டுச்சு.

எல்எக்ஸ்க்யூடின்னு (LXQt) இன்னொரு டெஸ்க்டாப் இன்னும் லேசுன்னாங்க, 2 ஜிபி லேப்டாப் ஒண்ணு வருது, அதுல போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்.