மறு: ‘லைட் ப்ரோப்’ – துழாவியா, குண்டா?

குழுவினருக்கு வணக்கம். ‘லைட் ப்ரோப்’ என்ற படப்பிடிப்புக் கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> ‘ஒளித்துழாவி’ என்றே வைத்துவிடலாம். ப்ரோப் என்பதற்குத் துழாவி என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம்.

ஐயா, மற்ற சொற்களில் எல்லாம் உங்கள் பக்கம்தான். இதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. துழாவுவது என்றால் கையோ கரண்டியோ உள்ளே போய்த் தேட வேண்டும். இருட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிறோம், அடிபிடிக்காமல் களியைத் துழாவுகிறோம். இந்தப் பொருள் எதையும் தேடிப் போவதில்லை. வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் ஒளிதான் அதைத் தேடி வருகிறது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. படப்பிடிப்பு நடந்த இடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டை ஒன்றை வைத்து, பல எக்ஸ்போஷர்களில், அதாவது பதியும் ஒளியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் படமெடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்ப்போம். கணினியில் செய்த யானைக்கோ காருக்கோ அந்தப் படமே விளக்கு. 1998இல் பால் டெபெவெக் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை. (எக்ஸ்போஷருக்கும் தமிழ் கேட்டிருந்தீர்கள். ஊட்டி இந்து நகரில் பிலிம் ஆலை ஓடிய காலத்திலிருந்து இங்கே புழங்கும் சொல் அது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.)

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நான் மூன்று வகையில் முயன்றிருக்கிறேன். முதலில், தோட்டத்தில் அழகுக்கு வைக்கும் கண்ணாடி உருண்டை. அதற்கு ரசம் உட்பக்கம் பூசியிருப்பார்கள். அதனால் மேல் கண்ணாடியில் மங்கலாக ஒரு பிம்பம், உள்ளே ரசத்தில் இன்னொன்று என எல்லாம் இரட்டையாகத் தெரியும். அதை விட்டுவிட்டேன். அடுத்து, மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் வைக்கும் ஸ்டீல் உருண்டை. விலை குறைவு, எடையும் இல்லை. ஆனால் இரண்டு கிண்ணங்களை ஒட்டிய தையல் நடுவில் ஓடும். கேமராவிலிருந்து பார்க்கும்போது தையல் விளிம்போடு போகும்படி திருப்பி வைத்தால் தப்பிக்கலாம். உருண்டையை எப்படித் திருப்பினாலும் பிம்பம் மாறாது என்பதால், கேமராவை 90 பாகை நகர்த்தி இரண்டாவது படம் எடுக்கும்போது உருண்டையையும் கூடவே திருப்பிக்கொள்ளலாம். மூன்றாவது, பேரிங்குக்குள் உருளும் குண்டைப் பட்டறையில் பால்ரஸ் என்பார்களே, அதில் பெரியது. 3 அங்குலத்தில் கெட்டி எஃகு, ஏறக்குறைய 1.8 கிலோ. மலையேறும்போது தோள் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அதன் உருட்சிக்கு ஈடு எதுவும் இல்லை. அதன்மேல் குரோம் பூசிக்கொண்டால், விழும் ஒளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தரும். குறைவதைக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். இரட்டைப் பிம்பத்தைச் சரிசெய்ய வழியில்லை.

போன மாதம் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு தேயிலைச் சரிவில் இதை ஸ்டாண்டில் ஏற்றினேன். காலை ஏழரை மணி. உருண்டையின் நடுவில் கடுகளவுக்கு நானும் கேமராவும். சுற்றிலும் தேயிலை வரிசைகள் வளைந்து வளைந்து விளிம்பில் போய் நூலாக மெலிந்திருந்தன. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஏறத்தாழ 70 விழுக்காடு தூரம் வரை கேமரா பக்கத்து உலகம். மீதி வளையத்துக்குள் பின்பக்க மலை முழுதும் நசுங்கிக் கிடக்கிறது. ஏழு எக்ஸ்போஷரில் நான்கை முடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. முதல் நான்கு வெயிலில், பின் மூன்று வெள்ளை மூட்டத்தில். சேர்த்தால் எந்த நேரத்து ஒளியும் இல்லை. அதோடு குளிர்ந்த எஃகின்மேல் துளிகள் படிந்து, ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு சின்ன மலை. தினையளவுகூட இல்லாத பனித்துளியில் பனைமரத்தைப் பார்த்துப் பாடிய மொழி நம்முடையது. இங்கே ஒருவர் ‘துளியாடி’ என்று பரிந்துரைத்தபோது மனம் அசைந்தது உண்மை. ஆனால் வேலையைக் கெடுக்கும் ஒன்றின் பெயரையே கருவிக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்க வந்த ஓர் அக்கா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்தக் குண்டுக்குள்ள எங்க டிவிஷன் மொத்தமும் இருக்கே!”

குண்டு. அதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

> குண்டு என்றால் வெடிகுண்டு நினைவுதான் வரும். கோளம் என்பது கண்ணியம்.

கோலிக்குண்டு, குண்டூசி, குண்டு பல்பு, குண்டுமணி – இவற்றில் எது வெடிக்கிறது? உருண்டு திரண்டிருப்பதைக் குண்டு என்பது பழைய வழக்கம். கோளம் பாடநூலில் இருக்கட்டும்; ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் வாயில் வர வேண்டிய சொல் இது. கண்ணாடியை ஆடி என்றால் மாதம் என்று குழம்புவார்கள் என்ற தயக்கமும் வேண்டாம். குழியாடி, குவியாடி எல்லாம் பள்ளியிலேயே படித்தவை, இந்த உருண்டையே ஒரு குவியாடிதான். ஆகவே ஆடிக்குண்டு. சூரியனின் வலு தெரிவதற்காகப் பக்கத்தில் வைக்கும் மங்கலான உருண்டைக்குச் சாம்பல் குண்டு. இரண்டும் ஜோடியாக நிற்பது எனக்குப் பெரிய நிறைவு.

இழையில் வந்த இன்னொரு பரிந்துரையான ‘ஒளிவாங்கி’யை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மைக்குக்கு ஒலிவாங்கி என்று சொல் இருக்கும்போது, ளகர லகரத்தைப் பலரும் ஒன்றுபோல் உச்சரிக்கும் படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் உருண்டைக்கும் அதிலிருந்து எடுத்த படத்துக்கும் லைட் ப்ரோப் என்றே சொல்லிவிடுகிறார்கள். நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம். மீன்கண் லென்ஸால் எடுத்தாலும் படம் அதே படம்தான், அங்கே குண்டே இருக்காது. எனவே படத்துக்குத் தனியாகச் ‘சூழொளிப் படம்’. ‘ஒளிப்பதிவு’ அழகான சொல், ஆனால் அதைச் சினிமாக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தையே விளக்காக்கும் முறைக்குப் ‘படவழி ஒளியூட்டல்’ என்று முன்பே முடிவானதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஒரு சிக்கல் பாக்கி. முப்பரிமாண மென்பொருள்களில் எங்கும் ஒரே அளவாகப் பூசும் ஆம்பியன்ட் லைட்டுக்கும் சிலர் சூழொளி என்று எழுதுகிறார்கள். அதற்குத் திசையே கிடையாது; நம்முடையதில் திசைதான் எல்லாம். அதைப் ‘பொதுவொளி’ என்று மாற்றிக்கொள்ள அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பவர்கள் சம்மதிப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். அதுவரை சொற்பட்டியலில் ஆடிக்குண்டையும் சாம்பல் குண்டையும் மட்டும் ஏற்றி வைக்கிறேன்.